அண்ணன் பிரிச்சுத் தந்த ரூம்கள்

எங்க வீட்ல ஒரே ஒரு ரூம்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால லைன் வீடு. ஒரு மூலையில அடுப்பு, ஒரு மூலையில கட்டில், ஒரு மூலையில கம்ப்யூட்டர். மிச்ச மூலையில கதவு.

கம்ப்யூட்டர் அண்ணன் கொண்டு வந்தது. அவன் ஒரு சர்வீஸ் கடையில வேலை பாத்தான். யாரோ வேண்டாம்னு விட்டுட்டுப் போன பெட்டி, வேற யாரோ வேண்டாம்னு விட்ட மானிட்டர், ரெண்டையும் சேத்து ஓட வச்சிட்டான். அப்புறம் ஒரு மழைக்காலத்துல பைக் சறுக்கி செத்துப் போயிட்டான். இத முதல்லயே சொல்லிடறேன். நடுவுல சொல்ல வந்தா நான் அழுதுட்டு எழுதறத நிறுத்திருவேன். ஆனா நான் சொல்ல வந்தது நாங்க சிரிச்ச நாளப் பத்தி.

கம்ப்யூட்டர் வந்த புதுசுல ஒரே சண்டை. என் பாட்டையெல்லாம் அப்பா தெரியாம அழிச்சிருவார். ஸ்கிரீன்ல அம்மா வச்ச முருகன் படத்த நான் எடுத்துட்டு பூ படம் வச்சிருவேன். பொறுக்க முடியாம அண்ணன் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க்கையே கூறு போட்டான். "ஆளுக்கொரு ரூம். வெளியதான் இல்ல, உள்ளயாவது இருக்கட்டும்"னான். C கம்ப்யூட்டருக்கே. D அம்மாக்கு, E அப்பாக்கு, F எனக்கு, கடைசி G அவனுக்கு. ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ் எழுத்துல பேரு வேற வச்சான். அம்மாது மகாராணி. அப்பா ஹோட்டல்ல பரோட்டா மாஸ்டர், அதனால அவரோடது பரோட்டா. என்னோடது வாயாடி. அவனோடது முதலாளி.

அவன் போனப்புறம் அவன் ரூம மட்டும் நாங்க யாரும் திறந்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவனோட கூட்டுக்காரன், உயிர் சிநேகிதன், வந்தான். மலையாளி. அதே கடையில வேலை பாக்கறவன், நான் சேட்டான்னுதான் கூப்பிடுவேன். கையில ஒரு வீடியோ கேமரா.

"அம்மே, இதுல அவன் உண்டு"ன்னான்.

அம்மா துவைச்ச துணிய அப்படியே கையில வச்சிட்டு நின்னாங்க.

விஷயம் இதான். சேட்டனோட அளியன், அதாவது மச்சான், கல்ஃப்ல. போன தடவ அளியன் லீவுல வந்தப்ப அவரு கேமராவ இரவல் வாங்கிட்டு அண்ணனும் இவனும் பொன்முடி மலைக்குப் போயிருக்காங்க. அந்த டேப் கேமரா பையிலயே கிடந்திருக்கு. நாளைக்குக் காலைல அளியன் பிளைட் ஏறிருவாரு, கேமராவும் போயிரும். அந்தக் குட்டி டேப் நம்ம ஊர் டெக் எதுலயும் ஓடாது. இன்னிக்கே கம்ப்யூட்டர்ல ஏத்தணும்.

ஆனா எங்கயும் இடமில்ல. எல்லா ரூம்லயும் கொஞ்சங்கொஞ்சம்தான் காலி. வீடியோவுக்கு ஒரே இடமா நீளத்துக்கு வேணுமாம்.

"நாலு சின்ன ரூம்ல ஒரு ஆனைய நிறுத்த ஒக்குமா அம்மே? சுவர இடிக்கணும்."

"இடி"ன்னாங்க அம்மா. "ஆனா அவன் ரூம்ல கை வைக்கக் கூடாது."

"இல்லம்மே, சத்தியம். உங்க மூணு பேரோடது போதும்."

"என் முருகன் எங்கடா போவாரு?"

"C-ல ஒரு ஓரத்துல இருக்கட்டும்."

என் பாட்டு எதுக்கும் அங்க இடமில்ல. போட்டும்னு விட்டேன். அப்பா அவரோட சீட்டு விளையாட்டுல தோத்துட்டே இருந்ததால சந்தோஷமா கைகழுவினார்.

சேட்டன் ஒரு ஃப்ளாப்பிய போட்டான். கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து. நான் எட்டாவதோட நிறுத்தினவ, எழுத்து கூட்டிப் படிப்பேன், அர்த்தமெல்லாம் அவன்தான் சொல்லணும். ஒரு டிரைவ, அதான் ரூம, அழிக்கணும்னா முதல்ல அதோட எழுத்த அடிக்கணும், அப்புறம் அதோட பேர தப்பில்லாம அடிக்கணும். அப்பதான் அழிக்குமாம். அம்மா உடனே, "அவங்கவங்க ரூம அவங்கவங்களே காலி பண்ணுவோம்"ன்னாங்க.

முதல்ல அம்மா. நான் எழுத்தக் காட்டக் காட்ட ஒத்த விரல்ல அமுக்கினாங்க.

"இந்த எழுத்த வரிசையா வச்சா என்ன? எவன்டா இப்படிக் கலைச்சுப் போட்டது?"

மகாராணி போச்சு. அடுத்து அப்பா. மாவு உருண்டைய அமுக்கற மாதிரி P-ய அமுக்கிப் புடிச்சிட்டார். P P P-ன்னு வரிசையா ஓடிச்சு.

"விரல எடுங்க அங்கிளே! சூடு கல்லுன்னு நினைச்சுத் தொடுங்க."

அப்பா விரல உதறிக்கிட்டே மறுபடியும் தொடங்கறதுக்குள்ள கரண்ட் போயிருச்சு. எங்க வீட்ல மட்டுமா, லைன் முழுக்கவான்னு பாக்க அப்பா வெளிய போனார். கொஞ்ச நேரத்துல கரண்ட் வந்துச்சு, அப்பா வரல. வாசல்ல யார்கிட்டயோ கரண்ட் ஆபீஸ திட்டிட்டு நின்னார்.

"எடீ வாயாடீ, நீ வா. அங்கிள் வர்றதுக்குள்ள உன்னோடத முடி"ன்னான் சேட்டன், திரும்பி அம்மா தந்த முறுக்க எடுத்துக்கிட்டே.

என்னோடது F. F அடிச்சேன். பேரு கேட்டுச்சு. VAYADI அடிச்சேன். ஏதோ ஒரு வரி வந்துச்சு.

"பேரு சேரலன்னு சொல்லுது. சொந்தப் பேரு எழுத அறியாதா உனக்கு?"ன்னு சிரிச்சான். எனக்கு ரோஷம். திரும்ப அடிச்சேன். திரும்பவும் அதே வரி.

அப்பதான் அவன் ஸ்கிரீன் கிட்ட வந்து பாத்தான். முறுக்கு கையிலயே நின்னுச்சு.

"நிக்கு நிக்கு! கை எடு! இது நின்டேது இல்ல. அவன்டேது."

முதல் ரூம் போனதும், கம்ப்யூட்டர் திரும்ப ஆன் ஆனப்ப கதவு நம்பரெல்லாம் ஒண்ணொண்ணா முன்னால நகந்திருக்கு. என் F இப்ப E. அண்ணனோட G இப்ப F. இப்படி நகரும்னு சேட்டனுக்குத் தெரியும், ஆனா முறுக்குல மறந்துட்டான். பேரு மட்டும் கேக்காம இருந்திருந்தா அண்ணன் ரூம நானே அழிச்சிருப்பேன்.

நான் கீபோர்ட தள்ளி வச்சிட்டேன். அம்மா முகத்தப் பாக்க பயம். அம்மா என்னைப் பாத்தாங்க, ஸ்கிரீனப் பாத்தாங்க.

"வாயாடின்னு சொல்லிக்கிட்டு முதலாளி ரூமுக்குள்ள போகப் பாத்தியா? விடுவானா அவன்?"

நான் அழறதா சிரிக்கறதான்னு தெரியாம ரெண்டும் பண்ணேன். சேட்டன் தரையில உக்காந்தே போயிட்டான். அப்பா உள்ள வந்து, "என்னடே, என்ன ஆச்சு?"ன்னு கேக்க, அம்மா ஸ்கிரீனக் கை காட்டினாங்க.

அதுக்கப்புறம் சேட்டன் ஒவ்வொரு வரியும் சத்தமா மூணு பேருக்கும் படிச்சுக் காட்டித்தான் தொட்டான். பரோட்டா போச்சு, வாயாடி போச்சு. மூணும் சேந்து ஒரே பெரிய இடம். அத ஃபார்மேட் பண்ணணும்னு போட்டான், நூத்துக்கு எவ்வளவு ஆச்சுன்னு ஸ்கிரீன்ல ஏறிட்டே இருந்துச்சு.

அம்மா எந்திரிச்சு அடுப்பப் பத்த வச்சாங்க.

"எதுக்கம்மே இப்ப?"

"புது வீட்டுக்குப் பால் காச்சாம குடிபோவாங்களா?"

"அம்மே, தொண்ணூறுதான் ஆச்சு, பொங்க விடாதீங்க!"

"பாலுக்கு உன் கணக்கு தெரியுமாடா?"

பால் பொங்கிருச்சு. மீதிய நாங்க குடிச்சு முடிக்கறப்ப ஃபார்மேட்டும் முடிஞ்சது.

கேமரா வயர மாட்டினான். டேப் ஓடற நேரம் முழுக்க ஓடித்தான் ஏறுமாம், வேகமா ஏத்த முடியாது. யாரும் வயருகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு ஆர்டர். நாங்க கட்டில்ல காலத் தூக்கி வச்சிட்டு உக்காந்தோம்.

முதல்ல கல்லாறு. தண்ணிக்குள்ள அண்ணன், மேல துண்டு மட்டும். குளிர்ல பல்லு அடிக்குது, "ஒண்ணும் குளிரல, ஒண்ணும் குளிரல"ன்னு கத்தறான். அம்மா, "பொய்யப் பாரு அவன் வாயில"ன்னாங்க. அப்பா முழங்கால்ல அடிச்சு அடிச்சு சிரிச்சார். அப்புறம் வளைவு ரோடு, மலை மேல மஞ்சு மூட்டம், ஒரு டீக்கடையில யார் காசு கொடுக்கறதுன்னு தள்ளுமுள்ளு.

கடைசியில கேமராவ ஆஃப் பண்ண மறந்து மடியில வச்சிட்டாங்க போல. பஸ் தரை மட்டும் தெரியுது. ரெண்டு செருப்பு, ஒண்ணு அண்ணனோடது. பஸ் சத்தத்துக்கு நடுவுல அவன் குரல், கண்டக்டர்கிட்ட மலையாளத்துல சில்லறைக்குத் தர்க்கம் பண்ணுது. ரொம்ப நேரம் அப்படியே ஓடிச்சு.

"இனி ஒண்ணும் இல்ல, செருப்புதான்"னான் சேட்டன். "நிறுத்தட்டா? வெறுதே இடம் வீணாப் போவும்."

அப்பா ஸ்கிரீன்ல இருந்து கண்ண எடுக்கல.

"ஓடட்டும் மக்கா. இடந்தான் இப்ப நிறைய கிடக்கே."