சூசைவிடுதிக் கோயிலும் நான் பழித்த நீர்வண்ண ஓவியமும்

சென்ற மாதம் புதுக்கோட்டையில் ஓர் ஓவியக் கண்காட்சிக்குத் தலைமை தாங்கினேன். பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இருந்த படைப்புகளுள் ஒன்று, நீர்வண்ணத்தில் தீட்டிய தேவாலய உட்புறம். மேலைநாட்டார் கோதிக் என்றழைக்கும் கூர்வளைவுகள், இருமருங்கும் தூண்கள், வெறுந்தரை. அதைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, "இது நம் மண்ணின் காட்சியன்று, அயல்நாட்டுப் படமொன்றைப் பார்த்து எழுதிய நகல். அவசரத்தில் இருக்கைகளைக்கூட வரைய மறந்துவிட்டார்" என்று முழங்கினேன். அவை சிரித்துக் கைதட்டியது. வரைந்த பெண்மணி இரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தார். பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து என் புலனத்துக்கு, அதாவது வாட்ஸப்புக்கு, ஒரு நிழற்படம் வந்தது. அதே வளைவுகள், அதே தூண்கள், அதே வெறுந்தரை. கீழே ஒரு செய்தி: "ஐயா, பெஞ்சு இருந்தா வரைஞ்சிருப்பேன். பிலோமினா, சூசைவிடுதி, கந்தர்வக்கோட்டை பக்கம்."

வருவதாக மறுமொழி அனுப்பிவிட்டு, அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டேன்.

புதுக்கோட்டையில் காலை 6.40-க்குத் தஞ்சைப் பேருந்து. கந்தர்வக்கோட்டை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஐம்பத்தைந்து நிமிடம், கட்டணம் 30 உரூபாய். அங்கிருந்து முந்திரித் தோப்புகளின் ஊடே இன்னும் ஏழு கிலோமீட்டர். நகரப் பேருந்து 9.15-க்குத்தான் என்றார்கள்; தானி (ஆட்டோ) அமர்த்திக்கொண்டேன். 180 உரூபாய் கேட்டார் ஓட்டுநர். பேரம் பேசும் தகுதி அன்று எனக்கில்லை.

ஓட்டுநர் பெயர் முருகேசன். கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்துவிட்டு, "நீங்கதானங்க அந்த வீடியோல பேசுனது?" என்று கேட்டார். என் பேச்சை எவரோ படம்பிடித்து வட்டாரமெங்கும் பரப்பியிருக்கிறார்கள். முருகேசனின் மகள், பிலோமினாவிடம் வாரந்தோறும் ஓவியம் கற்றுவந்தவளாம். வீடியோவைப் பார்த்ததும் இவர் மகளை வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டாராம். அவளோடு மேலும் சிலர் நின்றுவிட்டார்களாம்.

"காப்பி அடிக்கிறவங்ககிட்ட பிள்ளை என்னத்தங்க கத்துக்கும்? நீங்களே சொல்லிப்புட்டீங்க."

அந்தக் குரலில் எள்ளல் இல்லை. என் சொல்லை அவர் நம்பியிருந்தார், அதுதான் சுட்டது. கோயிலுக்குள் சென்று பார்த்ததே இல்லையா என்றேன். வாசலில் ஆள் இறக்குவதோடு சரி என்றார். "நமக்கு அங்கிட்டு என்னங்க வேலை?"

8.20-க்குச் சேர்ந்தோம். பிலோமினா வாயிலில் நின்றிருந்தார். தையற்கடை வைத்திருப்பவர்; நாற்பது வயதிருக்கலாம். பழைய சேலையில் சுற்றிய ஓவியம் கையில் இருந்தது. நான் வாய்திறக்குமுன், "செருப்ப இங்கிட்டு விட்டுட்டு வாங்க" என்று உள்ளே நடந்தார். முருகேசனும் பின்னால் வந்தார்.

உள்ளே ஓர் இருக்கையும் இல்லை. மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள் மட்டுமே. இவ்வூரார் வெறுங்காலோடு வந்து தரையில் அமர்ந்து வழிபடுகிறவர்கள். அது நம் ஊர்க் கோயில் என்பதற்கு அந்த வெறுந்தரையே சான்று. அச்சான்றைத்தான் நான் குற்றமாகக் காட்டி ஓர் அவையைச் சிரிக்க வைத்தேன்.

பிலோமினா ஓவியத்தைத் தரையில் விரித்தார். முருகேசன் குனிந்து படத்தையும் சாளரத்தையும் மாறிமாறிப் பார்த்தார். வெளிச்சத்துக்கு என்ன பெயிண்ட் என்று கேட்டார்.

"பெயிண்டே இல்லண்ணே. அந்த எடத்துல பேப்பர அப்படியே விட்டுட்டேன்."

தரையில் விழுந்த ஒளி, படத்தில் வண்ணம் தீண்டாத தாளாக இருந்தது. மேடையில் நான் இதைப் பார்க்கவே இல்லை. படம் அவையை நோக்கி இருந்தது. நானும் அவையைத்தான் நோக்கியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டேன். அதே மன்றத்தில் கூட்டம் கூட்டி, அதே ஒலிவாங்கியில் என் பிழையை அறிவிப்பதாகச் சொன்னேன். அவர் மறுத்தார்.

"வேணாங்கய்யா. நீங்க மன்னிப்புக் கேட்டாலும் கைதட்டத்தான் செய்வாங்க. கைதட்டு உங்களுக்கு. எனக்குப் பிள்ளைக திரும்பி வரணும்."

கோயிலுக்கு வரும் வழியையும் வெளிச்சம் விழும் நேரத்தையும் எழுதினால் போதும் என்றார். வருகிறவர்கள் தாமே பார்த்துக்கொள்ளட்டும், இனி நான் சொல்லி எவரும் எதையும் நம்ப வேண்டாம் என்றார். அந்தக் கடைசிச் சொல்லைத் தணிந்த குரலில்தான் சொன்னார்.

திரும்பும்போதும் முருகேசனின் தானியிலேயே வந்தேன். கந்தர்வக்கோட்டை நெருங்கியபோது, "ஐயா தப்பாச் சொல்லிட்டாருன்னு மககிட்ட சொல்லட்டுங்களா?" என்று இசைவு கேட்டார். சொல்லுங்கள் என்றேன். அவர் என்னிடம் கேட்க வேண்டியிருந்ததே என்று இன்றளவும் கூசுகிறேன்.

செல்ல விரும்புவோருக்கு: காலை எட்டு முதல் ஒன்பதரை வரை சாளர ஒளி தரையில் விழும். ஞாயிறு வழிபாட்டு நேரத்தைத் தவிர்க்கவும். காலணியை வெளியே விடவும். உணவகம் இல்லை, கந்தர்வக்கோட்டையிலேயே உண்டுவிட்டுச் செல்லுங்கள். திரும்ப நகரப் பேருந்து 11.40-க்கு. கோயிலை ஒட்டிய கூடத்தில் சனிக்கிழமை பத்து மணிக்கு ஓவிய வகுப்பு நடக்கிறது. அந்த ஓவியம் இப்போது அங்கே சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது.

என் பேச்சுக்கு முன் அங்கே பதினொரு குழந்தைகள் பயின்றார்கள். நான் சென்ற அன்று நால்வர். இதை எழுதும் இன்று ஐவர்.