உமேடாவின் அடியில் ரிட்சுகோ

எங்கள் ஓக்கி தீவின் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள் ரிட்சுகோ. நான் அவளுக்கு அடுத்த சன்னலில் சரக்குப் பொதிகளை வாங்கி வைப்பவள். வந்து இறங்குகிற பயணிகள் எல்லாரும் வழி கேட்பது அவளிடம்தான். தீவில் இருப்பது ஒரே பெரிய சாலை. இடது பக்கம் போனால் கலங்கரை விளக்கம், வலது பக்கம் போனால் கோயில். அதைக் கையை நீட்டிச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். ஐம்பது வயது தாண்டியும் அவள் தனியாக எந்த ஊருக்கும் போனதில்லை.

போன மழைக்காலத்தில் ஒசாகாவில் அவளுடைய அண்ணன் மகனுக்குக் கல்யாணம். மீன் பிடிக்கப் போகிற கணவன் கென்சாகுவும் போயிருந்தார். கடலில் கணவாய் மீன் நன்றாகப் படுகிறது என்று தெரிந்ததும், விருந்து முடிந்த கையோடு அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

"நான் நாளைக்குச் சாயங்காலம் பஸ்ல கிளம்பி, அப்புறம் படகு பிடிச்சு வர்றேன். இவ்வளவு தூரம் வந்துட்டு ஒசாகா கோட்டையைப் பாக்காம வரணுமா?" என்றாள் ரிட்சுகோ.

"தொலைஞ்சு கிலைஞ்சு போயிடாத."

"யாரு, நானா?"

மறுநாள் விடிந்ததிலிருந்து ஊற்றியது. ஒசாகாவின் உமேடா ரயில் நிலையத்தில் இறங்கியவள், நனையாமல் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்று நிலத்தடிக் கடைவீதிக்குள் இறங்கினாள். அதுதான் வினையாகப் போயிற்று. மேலே தெரு எப்படிப் போகிறது என்பதற்கும் கீழே நடைபாதை எப்படிப் போகிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. அம்புக்குறியைப் பார்த்து நடந்தாள். அடுத்த அம்புக்குறி வந்த வழியையே காட்டியது. படியேறினால் ஒரு கட்டடத்தின் உள்ளே போய் முடிந்தது; இறங்கினால் வேறொரு வீதி. எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் பன்றி இறைச்சி பன் விற்கிற ஒரே கடைக்கு முன்னால் வந்து நின்றாள். வெங்காயம் வேகும் வாசனையோடு ஆவி பறந்துகொண்டிருந்தது.

கடைக்காரப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, மறுபடியுமா? இன்னும் ஒரு சுத்து வந்தீங்கன்னா ஒரு பன் இலவசம்!"

"நிஜமாவா?" என்று கேட்டுவிட்டாள் ரிட்சுகோ.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சிவந்தது. எங்கள் பக்கத்தில் அறிமுகமில்லாதவர்களிடம் யாரும் விளையாட மாட்டார்கள். ஒசாகாக்காரர்களுக்கு மூச்சு விடுவதே கிண்டலில்தான்.

வேகமாக நகர்ந்தவளின் கையை யாரோ பிடித்தார்கள். சிறுத்தைப் புள்ளி போட்ட கழுத்துத் துணி கட்டிய ஒரு வயதான அம்மா. "இந்தா, மிட்டாய். எங்க போகணும்?"

"கோட்டைக்கும்மா."

"கோட்டையா? மழையில நனைஞ்சா சாயம் போயிடும்னு மடிச்சு உள்ள வச்சுட்டாங்களே!"

இம்முறை ரிட்சுகோ ஏமாறவில்லை. சிரித்தாள். அந்த அம்மாவும் சிரித்தார். "வா என்கூட. பொறந்ததுலேருந்து இந்த ஊருதான். என் பேரு மசுயோ."

மசுயோ அம்மா விறுவிறுவென்று நடந்தார். ரிட்சுகோவுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நடந்துகொண்டே மருமகளின் சமையலைக் கிண்டல் செய்தார், ரிட்சுகோவின் தொப்பியைக் கிண்டல் செய்தார். கடைசியில் ஒளிரும் மரம் போல ஏதோ அலங்காரம் வைத்த ஓர் அகன்ற இடத்தில் நின்றார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரர் இங்கதான் நிப்பாரு. நீரூத்துக்குப் பக்கத்துல."

அங்கே நீரூற்று எதுவும் இல்லை. இதுவும் கிண்டல் என்று நினைத்து ரிட்சுகோ சிரித்தாள்.

"என்னடி சிரிக்கிற, மிட்சுகோ? அவரு எப்பவுமே லேட்டுத்தான்."

"அம்மா, என் பேரு ரிட்சுகோ."

"சரிதான், பேரையும் மாத்திக்கிட்டியா!"

ரிட்சுகோ மறுபடி பாதி சிரித்து, நிறுத்திக்கொண்டாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்போதுதான் அவர் கால் கண்ணில் பட்டது. வீட்டுக்குள் போடுகிற துணிச் செருப்பு, மழையில் ஊறிக் கறுத்திருந்தது. கையில் குடை இல்லை, பை இல்லை.

"இவங்க கிண்டல் பண்றாங்களா, இல்ல நிஜமாவே தெரியலையான்னு எனக்குப் பிடிபடவே இல்ல," என்று பிறகு என்னிடம் சொன்னாள். "உதவிக்கு யாரையாவது கூப்பிட்டு, அது வெறும் விளையாட்டா இருந்துட்டா? எல்லாரும் என்னைப் பாத்து சிரிப்பாங்களேன்னு பயமா இருந்தது."

படகுத்துறையில் கேட்கிற கேள்வியைத்தான் அவளால் கேட்க முடிந்தது. "அம்மா, எங்கேருந்து வந்தீங்க?"

"வீட்லேருந்துதான்."

"வீடு எங்க இருக்கு?"

"போன தடவை எங்க இருந்துச்சோ, அங்கதான்!"

இது கிண்டலா? ரிட்சுகோவுக்கு அழுகை வந்துவிட்டது. பன் கடைப் பெண்ணையாவது கேட்கலாம் என்று திரும்பி நடந்தாள். வேண்டாம் என்றபோதெல்லாம் எதிரே வந்து நின்ற கடை, தேடியபோது எங்குமே இல்லை. மசுயோ அம்மா அவள் சட்டைக் கையைப் பிடித்தபடி கூடவே வந்தார். அவர் உடுப்பும் நனைந்திருந்தது. ரிட்சுகோ தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள்.

"பசிக்குது," என்றார் அவர் திடீரென்று. மூக்கை உறிஞ்சினார். "வெங்காயம்." ஒரு சந்தில் திரும்பினார், இன்னொன்றில் திரும்பினார். ஆவி பறக்கிற கடை எதிரே நின்றது.

கடைக்காரப் பெண் இந்த முறை சிரிக்கவில்லை. "ஐயோ, மசுயோ அம்மா! காலையிலேருந்து உங்க வீட்ல தேடிக்கிட்டிருக்காங்க!"

அவள் போன் செய்த கொஞ்ச நேரத்தில் மருமகள் கனாயே ஓடி வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஒரு கையில் இரண்டு குடை, மறு கையில் செருப்புப் பை. ரிட்சுகோவைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கினாள். "எங்க அத்தையால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. மன்னிச்சுக்கங்க."

"தொந்தரவா?" என்றார் மசுயோ அம்மா, வாய் நிறைய பன்னோடு. "வழி தெரியாம முழிச்சது இவ. கூட்டிட்டு வந்தது நான்."

அது உண்மைதானே என்று ரிட்சுகோவுக்குப் பட்டது. அதனால் தலையாட்டினாள்.

மெல்ல கனாயேவிடம் கேட்டாள். நீரூற்று அங்கே நிஜமாகவே இருந்ததாம். சில வருஷங்களுக்கு முன்னால் எடுத்துவிட்டார்களாம். கல்யாணத்துக்கு முன் மாமாவும் அத்தையும் சந்தித்துக்கொண்ட இடம் அதுதானாம். மாமா இறந்து நாளாகிவிட்டதாம்.

"மிட்சுகோங்கிறது யாரு?"

கனாயே கொஞ்சம் யோசித்தாள். "அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதே. அத்தைக்குக் கூடப்பொறந்தவங்களும் யாரும் இல்ல."

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து மாமியாரின் ஈரச் செருப்பைக் கழற்றத் தொடங்கினாள். அப்போது மசுயோ அம்மா, மருமகளின் தலைக்கு மேலாக ரிட்சுகோவைப் பார்த்து, ஒரு கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

கனாயே இருவரையும் கையோடு மேலே அழைத்துப் போனாள். ரிட்சுகோவைப் பஸ் நிலைய வாசல் வரை கொண்டுவந்து விட்டுத்தான் போனாள். கோட்டைக்குப் போக நேரமில்லை. பஸ் கிளம்பும்போதும் மழை விடவில்லை. சன்னல் வழியே ஊர் முழுக்கக் கலங்கிய விளக்குகளாகத் தெரிந்ததாம்.

அந்தக் கண்ணடிப்பைப் பற்றித்தான் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டாள். "கண்ணுல தூசி விழுந்திருக்கும்," என்றார் கென்சாகு. வேண்டுமென்றே வீட்டைவிட்டு ஓடி வந்திருப்பார், அதனால்தான் கண்ணடித்தார் என்றேன் நான். ரிட்சுகோ இரண்டையும் ஏற்கவில்லை.

"மிட்சுகோவுக்குத்தான் கண்ணடிச்சிருப்பாங்களோ என்னவோ," என்றாள். "அப்படின்னா நானும் திருப்பிக் கண்ணடிச்சிருக்கணும். சும்மா நின்னுட்டேன்."