பதினேழாவது பாட்டில் எழுந்த வரிசை

இலங்கைத் தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைக்கு வந்து சேர்ந்த எங்கள் முன்னோரைப் பற்றிய பாட்டு நாடகம் அது. போன இடமெல்லாம் மண்டபம் நிறைந்தது. பதுளையில் ஒரே நாளில் இரண்டு காட்சி. பாட்டுகளை எழுதி, முன்னால் நின்று பாடியது என் அக்கா. ஒளி, ஒலி என் பொறுப்பு. தொழில்நுட்பக் கல்லூரிப் பழக்கத்தில் எந்தப் பாட்டுக்கு எந்த விளக்கு என்று நாற்பத்தொரு வரிப் பட்டியல் வைத்திருந்தேன்.

காலைக் காட்சி முடிந்ததும் வாசலில் சனம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எல்லாம் பதினேழாவது பாட்டால். காட்டைக் கடந்தவர்கள் முதன்முதலாக மலையைப் பார்த்துக் கும்மியடிக்கும் பாட்டு.

“வழி நெடுக செத்து விழுந்த சனம். அதுங்க கும்மியா அடிச்சிருக்கும்?” என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்.

“உசுரோட வந்து சேந்தவங்க ஆட மாட்டாங்களா சார்? எங்கள அழறதுக்குன்னே பெத்தாங்களா?” என்றார், ஹல்துமுல்லைப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்திருந்த ஓர் அம்மா. அவரும் கூட வந்தவர்களும் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்ந்தவர்கள்.

பட்டியலின் பின்பக்கத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை பேர் என்று குறித்தேன். சமமாகவே வந்தது.

அக்கா உள்ளே பாட்டு நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

“செத்தவங்கள கேவலப்படுத்திட்டேனாடி? மூணு மணிக்குப் பாடிப் பாக்குறேன். அப்பவும் சனம் மூஞ்சி சுளிச்சா, எடுத்துடுறேன்.”

மூன்று மணிக் காட்சிக்கு ஆசிரியர் மறுபடி டிக்கெட் எடுத்து வந்தார். ஹல்துமுல்லை அம்மாவின் கூட்டமும் பின்வரிசையைப் பிடித்துக்கொண்டது.

பதினேழுக்கு முன் மேடை இருட்டு. நான் விடியல் வெளிச்சத்தை மெல்லக் கொண்டுவந்தேன். எங்கள் தப்பு மேளக்காரர் நடைத் தாளம் அடிக்க வேண்டும். ஆனால் தோட்டத்தில் பல வருடம் விடியற்காலையில் தப்படித்த கை அது. வெளிச்சத்தைக் கண்டதும், ஆட்களை வேலைக்குப் பேர் பதியக் கூப்பிடும் பெரட்டுத் தப்பை அடித்துவிட்டார்.

பின்வரிசை முழுக்க எழுந்து நின்றது. ஓர் அம்மாவின் கை கூடைக் கயிற்றைத் தேடித் தலைக்குப் போனது.

“ஐயோ புள்ள, பிந்திட்டோம்!”

மண்டபமே சிரித்தது. மேடையிலிருந்து அக்கா, “பேரு பதிஞ்சாச்சு, வாங்கக்கா!” என்று கூவிப் பாட்டைத் தொடங்கிவிட்டாள். எழுந்தவர்கள் உட்காரவில்லை. நடைபாதையில் கும்மிக்கு வட்டம் கட்டினார்கள். நடைபாதைக்கு என் பட்டியலில் விளக்கே இல்லை. மண்டப விளக்குகள் எல்லாவற்றையும் போட்டேன்.

காட்சி முடிந்ததும் வாசலில் சண்டை மறுபடி சூடாக நடந்தது.

“இப்பவும் சொல்றேன், அந்த எடத்துல கும்மி கூடாது.”

“நீங்க கை தட்டுனத நான் பாத்தேனே சார்!”

“நீங்க தாளம் விட்டீங்க. திருத்திக் குடுத்தேன்.”

கேட்டுக்கொண்டிருந்த அக்கா சிரித்தபடி என்னிடம் வந்தாள்.

“பதினேழு இருக்கட்டும்டி. வழியில விழுந்தவங்களுக்கு நாலு வரி சேக்குறேன். சார் சொல்றதும் நெசந்தான்.”

“எந்த எடத்துல?” என்று பேனாவை எடுத்தேன்.

“கும்மிக்கு நடுவுல” என்றாள்.