டவருக்கு முன்னால் எழுந்த கக்கூஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பழைய ரப்பர் தோட்டத்தின் வழியாக உயரழுத்த மின்கம்பி இழுக்கும் வேலைக்கு என்னைப் பொறுப்பாளராக்கினார்கள். பெண் என்று பாராமல் திறமையைப் பார்த்துக் கொடுத்ததாக ஈப்போ அலுவலகத்தில் என் மேலதிகாரி சொன்னார். எனக்கு முன்னால் இரண்டு ஆண் பொறியாளர்கள் அட்டைக்கடிக்குப் பயந்து அந்த இடத்தை வேண்டாம் என்றதை மட்டும் அடக்கத்தோடு சொல்லாமல் விட்டுவிட்டார்.

புந்தோங்கில் இருந்த வீட்டிலிருந்து தினமும் விடியலில் புறப்படுவேன். டவர்களுக்கு அஸ்திவாரம் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. டன் கணக்கில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் கையெழுத்துப் போடும் அதிகாரம் எனக்கு இருந்தது. நாலு தகரமும் ஒரு கதவும் வாங்கும் அதிகாரம் இல்லை. ஆண்களுக்கு ஒரு பலகைக் கழிப்பறை இருந்தது. பெண்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டபோது, ஒரே ஒரு ஆளுக்காகவா என்று மேலதிகாரி வியந்தார். கல்லும் மணலும் சுமந்த தோட்டத்துப் பெண்களை அவர் ஆட்களில் சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்றார். அதுவரை அடக்கிக்கொள்வது நாட்டின் வளர்ச்சிக்கு என் பங்களிப்பு போலும்.

நானாவது ஜீப்பில் ஊருக்குள் போய், ஒரு கோப்பிக்கடையில் வேண்டாத கோப்பிக்குச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்வருவேன். அந்தப் பெண்களுக்கு ரப்பர் பால்மரங்களின் மறைவுதான்.

ஒரு நாள் காலை, அவர்களை வழிநடத்திய அக்கா என் தகரக் கொட்டகைக்கு வந்தார். அதே தோட்டத்தில் முன்பு பாலுக்காக மரம் சீவியவர். அதட்டாமலே ஆட்களை நகர்த்தக்கூடியவர். உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார்.

"கம்பி போற பாதைன்னு நீங்க சாய்க்கச் சொன்ன மரமெல்லாம் எங்களுக்கு மறைப்பா இருந்துச்சு மிஸ். இப்ப வெட்டவெளியா கெடக்கு. பொம்பளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்காம கல்லு தூக்குறாளுங்க."

வரைபடத்தில் அந்தப் பாதை மிக அழகாக, நேராக இருந்தது. மீதி மரங்கள் எங்கே நிற்கின்றன என்று கேட்டேன். ஆற்றோரமாக, வெகுதூரத்தில் என்றார். தனியாகப் போனால் காட்டுப்பன்றி பயமாம்.

"அப்ப எல்லாரும் சேர்ந்தே போலாங்க்கா. நானும் வாரேன்," என்றேன்.

அக்கா அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

நான் இல்லாதபோது கான்கிரீட் ஊற்றக் கூடாது என்பது விதி. பெண்பிள்ளை நான் எதையாவது கோட்டைவிட்டுவிடுவேனோ என்ற அக்கறையில், மேலதிகாரியே அதை என்னிடம் பலமுறை அழுத்திச் சொல்லியிருந்தார். அன்று கலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்க, நாங்கள் ஊர்வலமாகக் கிளம்பினோம். திரும்பி வந்தபோது, கட்டுமான வேலையைக் குத்தகை எடுத்திருந்த சீன முதலாளி, தவுக்கே, நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"மிஸ், சிமெண்டு இறுகிப் போவுது லா. நாளைக்கும் இப்படித்தானா?"

மனித உடம்பு நாளைக்கும் இப்படித்தான் இருக்கும் என்று மரியாதையாகச் சொன்னேன்.

அந்த வாரமே தவுக்கே செலவில் கழிப்பறை எழுந்தது. செங்கல் சுவர், தகரக் கூரை, உள்பக்கம் தாழ்ப்பாள். அந்தத் திட்டத்தில் முதலில் முழுமையடைந்த கட்டுமானம் அதுதான்.

டவர்களும் எழுந்த பிறகு மேலதிகாரி பார்வையிட வந்தார். டவர்களை அண்ணாந்து பார்த்தார். ஆண்களின் பலகைக் கொட்டகையை எட்டிப் பார்த்தார். அப்புறம் எங்களுடையதற்குள் நுழைந்து, வெகுநேரம் கழித்து நிம்மதியாக வெளியே வந்தார். ஊழியர் நலனுக்காகத் தாம் செய்த ஏற்பாடு என்று அதைப் பற்றிக் கூட்டமொன்றில் பேசினாராம்.

கம்பி இழுத்து முடிந்து மின்சாரம் ஓடியது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு மேலாகவே ஓடியது. வீடுகளுக்குள் மண்ணெண்ணெய் விளக்குதான்.

அடுத்து பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் ஒரு துணைமின் நிலையம். ஈயம் தோண்டி விட்டுப்போன பழைய குட்டை ஓரத்துச் சேற்று நிலம், ஆகவே மறுபடியும் என் திறமை எல்லார் நினைவுக்கும் வந்தது. அதே தவுக்கேதான் குத்தகை. அக்காவை ஆட்களுக்கு மேல் மண்டோராகப் போடச் சொன்னேன். ஆண்கள் ஒரு பொம்பளை பேச்சைக் கேட்பார்களா என்று தவுக்கே தயங்கினார். என் பேச்சைக் கேட்கிறார்களே என்றேன். நீங்கள் படித்தவர் என்றார். ஆனாலும் போட்டார்.

ஆண்கள் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. முதல் லோரி மணல் வந்ததும் சேற்றில் இறங்கி, எங்கே கொட்ட வேண்டும் என்று கையைக் காட்டினார். டிரைவர் அங்கேயே கொட்டினார்.