கழுத்துக் குழாயில் இருந்த எண்

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எந்தக் காகிதம் வந்தாலும் அது முதலில் என் கைக்குத்தான் வரும். மருந்துச் சீட்டு, கேஸ் புத்தகம், பேங்க் கடிதம் எதுவானாலும் நான் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொன்ன பிறகே அப்பா பெட்டியில் வைப்பார். தேவனாம்பட்டினத்தில் எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். சிதம்பரத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்த பிறகு அந்த ஒரு வாக்கியத்தை இன்னும் மெதுவாக, இன்னும் அழுத்தமாகச் சொல்லப் பழகியிருந்தேன்.

அண்ணன் இரண்டாம் வகுப்போடு நின்று படகுக்குப் போனவன். சுனாமியில் படகு போனதும் கடலூரில் ஒரு டூவீலர் ஷெட்டில் சேர்ந்தான். நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, அண்ணாகிராமத்தில் ஒரு முந்திரித் தோப்புக் கொட்டகையில் கிடந்த பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தான். சக்கரம், டேங்க், சீட் எல்லாம் துருவேறி வீணாகியிருந்தன. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் மட்டும் நன்றாக இருந்தது. அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவி மறுபடி பூட்டி உதைத்தபோது, நாலாவது உதையில் பிடித்துக்கொண்டது.

"இத வெச்சு ஒரு வண்டி கட்டணும் பாப்பா" என்றான். "இத்தன வருசமா கரைய கடல்லேர்ந்துதான் பாத்திருக்கோம். ரோட்டுலேர்ந்து கடல பாத்துக்கினே கன்னியாகுமரி வரைக்கும் போவணும். பின்னாடி அப்பா."

அப்பாவுக்கு முழங்கால் சரியாக மடங்காது. அதனால் வண்டி சாதாரண வண்டியைவிட நீளமாக இருக்க வேண்டும். சீட் தாழ்வாகவும், அவர் காலை நீட்டி வைக்க இரண்டு பக்கமும் தகடும் வேண்டும். அப்பா சிரித்தார். "எஞ்சினும் கெழடு, நானும் கெழடு. வழியில எவன் மொதல்ல நிக்கறான்னு பாப்போம்." ஆனால் மறுநாள் பாயில் உட்கார்ந்து காலை நீட்டி, குதிகாலிலிருந்து இடுப்பு வரை எத்தனை சாண் என்று அவரே அளந்து சொன்னார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் சிதம்பரத்திலிருந்து ரயிலில் வந்து, அண்ணன் சொல்லச் சொல்ல கிராப் தாளில் வரைவேன். அவன் போட்ட திட்டம் எளிமையானது. வண்டியின் பழைய இரும்புச் சட்டத்தின் முன்பகுதியை, அதாவது ஹேண்டில் பார் உட்காரும் கழுத்துக் குழாயை, அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்கம் மட்டும் குழாய் சேர்த்து நீட்டுவது. எனக்கு அது பிடிக்கவில்லை. கழுத்தில் துருப் புள்ளிகள் இருந்தன. முழுச் சட்டத்தையும் புதிதாக வரைந்தேன்.

வெல்டிங் வைக்கும் அவன் நண்பர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மச்சான், தங்கச்சி வரைஞ்சது வண்டியா, பாலமாடா?"

"ஒனக்கு நியூஸ் பேப்பரே தலகீழாத்தான் புடிக்கத் தெரியும். கம்முனு இரு" என்றான் அண்ணன். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கழுத்துல நம்பர் குத்தியிருக்கு பாப்பா. அது வேணாமா? புக்குல பாத்தியா?" என்று கேட்டான்.

வண்டியைப் பதிவு செய்த ஆர்.சி. புத்தகம் சிதம்பரம் ஹாஸ்டலில் என் ஃபைலில் இருந்தது. பழைய புத்தகம், மை பரவிய கையெழுத்து. இன்ஜின் நம்பர் மட்டும் தெளிவாக இருந்ததால் அதைப் பார்த்துவிட்டு மூடியிருந்தேன். கீழ்வரியை நான் படிக்கவே இல்லை. வெல்டர் முன்னால் 'பார்க்கவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பாத்துட்டேன். இன்ஜின் நம்பர் இருந்தா போதும். சரியாத்தான் இருக்கு."

அண்ணன் தாளை வாங்கி மடித்து வெல்டர் கையில் கொடுத்தான். அடுத்த வாரம் நான் வந்தபோது புதிய சட்டம் நின்றிருந்தது. பழையது துண்டு துண்டாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தது.

வண்டி அமைப்பை மாற்றியதைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுப்பது வழக்கம். அண்ணன் இன்ஜின் அச்சை நீட்டினான். அதிகாரி ஆர்.சி. புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது இன்ஜின். சட்டத்துல குத்தியிருக்கற சேசிஸ் நம்பர் எங்கப்பா? புக்குல இருக்கே."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சார் வெட்டிட்டேன். பழைய இரும்புன்னு போட்டுட்டேன். படிப்பில்லாதவன்."

"நம்பர் இருக்கற இரும்பு போச்சுன்னா வண்டியே போச்சு. வெட்டறதுக்கு முன்ன வந்து கேக்கறதில்லயா?" பிறகு என் கையிலிருந்த காலேஜ் ஃபைலைப் பார்த்தார். "படிச்ச பொண்ணு வூட்டுல இருக்கு. அதையாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலீங்க சார்" என்றான் அண்ணன்.

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

இரும்புக் கடையில் போன வாரச் சரக்கு உருக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "புது கழுத்துல அதே மாதிரி ஒரு நம்பர குத்திடலாம் மச்சான், யாரு பாக்கறது?" என்றார் வெல்டர். அண்ணன் ஒப்பவில்லை. "நாளைக்கு பாப்பாவுக்கு கவர்மெண்டு வேல வரும். கேசு கீசுன்னா அது பேரும் சேந்து வரும்."

அப்பாவிடமும் அதே கதைதான் சொன்னான், அவசரத்தில் தானே வெட்டிவிட்டதாக. "மடையன்" என்று திட்டிவிட்டு அப்பா நீட்டிய காலை மடக்க முடியாமல் மடக்கினார். நான் பக்கத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

2012இல் எனக்கு வேலை உத்தரவு வந்தது. அதையும் நானே படித்து, நானே "சரியாத்தான் இருக்கு" என்றேன். சொல்லி முடித்ததும் ஃபைலுக்குள் இருந்த ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். தார்ப்பாய்க்குள் சட்டமும் இன்ஜினும் அப்படியே இருந்தன.

"அண்ணா, அன்னிக்கு நான் புக்க பாக்கல. பாத்துட்டேன்னு பொய் சொன்னேன்."

அவன் கையைத் துணியில் துடைத்தான். சட்டைப் பையிலிருந்த பிளாஸ்டிக் உறையில், ரேஷன் கார்டு நகலுக்குப் பின்னாலிருந்து, மடித்த ஒரு காகிதத்தை எடுத்தான். பென்சில் கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எண்கள்.

"கழுத்த வெட்டறதுக்கு மின்ன தேச்சு எடுத்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு. இரும்பே இல்லாதப்ப ஆபீசுல இத காட்டி என்ன புண்ணியம்?"

"அப்ப ஒனக்கு சந்தேகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் வெட்டுன?"

"நீ பாத்துட்டேன்னு சொன்னல்ல" என்றான். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"படி பாப்பா. ரெண்டும் ஒண்ணான்னு பாப்போம்."

மை பரவிய அந்தக் கீழ்வரியில் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன். காகிதத்தைப் பார்த்தபடி அவன் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றான். கடைசி எண் வரைக்கும் ஒன்றுகூட மாறவில்லை.