குடை இலை

"புத்தகத்துல உள்ள எலைதான் உனக்குத் தெரியும். மண்ணுல உள்ளது தெரியுமா?"

அண்ணி சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், அதுவும் தாவரவியல்.

போன ஆண்டு அண்ணி, லகாட்டில் உள்ள தாய்வீட்டிலிருந்து நான்கு வல்லாரைக் கொடிகளைக் கொண்டுவந்து, செமோரில் எங்கள் வீட்டுப் பின்புறக் கால்வாய் ஓரம் ஊன்றினார். ஈரம் காயாத இடம். சில மாதங்களில் பாய் விரித்ததுபோல் பரவிவிட்டது.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். எஸ்டேட்டில் இருந்த காலத்தில், என் பரீட்சை நாள்களில், அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வரும் வழியில் வல்லாரை பறித்துவந்து துவையல் அரைப்பார். ஞாபகசக்திக்கு. அது எனக்கென்று அரைத்த துவையல். இப்போது அண்ணி பறித்துக் கொடுக்க, அம்மா அண்ணியின் மகளுக்கு அரைக்கிறார். "மருமக கை ராசியான கை" என்று பாராட்டு வேறு.

ஈப்போவில் ஒரு செடிக்கடையில், வல்லாரையின் மலாய்ப் பெயரைச் சொல்லி, பெகாகா கேட்டேன். வட்டமாக, பளபளவென்று ஒன்றைக் காட்டினார்கள். அண்ணியின் செடியைவிட அழகு. தொட்டியோடு வாங்கி வந்து அம்மாவிடம் நீட்டினேன்.

"இது நல்ல ரகம்மா. அண்ணியோடது காட்டுச் செடி மாதிரி இருக்கு."

அம்மா அரைத்தார். அண்ணன் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு நாக்கை நீட்டினாள். "அத்த, புல்லு மாதிரி இருக்கு!"

அண்ணி என் தொட்டியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளித் திருப்பினார். "காம்ப பாரு, நடு எலையில நிக்குது, குடை மாதிரி. வல்லாரைக்கு ஓரத்துல ஒரு வெட்டு இருக்கும், காம்பு அங்கதான் சேரும். இது குளத்துல அழகுக்கு வைக்கிறது லா."

அந்த வித்தியாசத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியவள் நான். என்னுடையது அழகாக இருந்ததே போதும் என்று இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"படிச்ச புள்ள, ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கலாமே" என்றார் அம்மா. அண்ணியின் கேலி இதற்கு எவ்வளவோ மேல்.

மறுநாள் அண்ணி வேலைக்குப் போனதும், கணுவுக்குக் கணு வேர்விட்ட கொடி ஒன்றை அவருடைய பாத்தியிலிருந்து இழுத்தெடுத்தேன். கேட்கவில்லை. குடை இலைகளை வீசிவிட்டு, தண்ணீர் வடியாதபடி தொட்டியின் ஓட்டையை அடைத்து, சேறு நிரப்பி, கணுக்களை அழுத்தி நட்டேன். என் ஜன்னலுக்குக் கீழே, அரை நிழலில் இருக்கிறது. இன்று காலை ஒரு புது இலை விரிந்திருந்தது. திருப்பிப் பார்த்தேன்.