பக்கத்து லாரி விட்ட வழி

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் ஆபீஸ்களும் அடுக்குமாடிகளும் போட்டி போட்டு எழும்பிக்கொண்டிருந்த, இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. நாகர்கோவில் பக்கத்துச் சூளைகளில் செங்கல் ஏற்றி, திருவனந்தபுரம் பைபாஸ் வழியாகக் கொண்டுபோய் அங்கே இறக்குவது என் வேலை. வீடு பாறசாலையில்.

அப்போதுதான் லாரிகளுக்கு வேகப்பூட்டு வந்தது. ஸ்பீடு கவர்னர் என்றால் எல்லோருக்கும் புரியும். எஞ்சினோடு பொருத்தி, யாரும் கழற்றாமலிருக்க ஈய முத்திரையும் வைத்துவிடுவார்கள். அறுபதுக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. எங்கள் முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "முன்ன டீசலை மடக்கு மடக்கா குடிச்ச வண்டி, இப்பம் நக்கில்லா பாக்குது" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்வார். எங்களுக்கோ எரிச்சல். விரட்டிப் போய் இன்னொரு நடை அடித்த காலம் போயிற்று. மிதித்து மிதித்து கணுக்கால் வீங்கியதுதான் மிச்சம். "எம் பொண்டாட்டியால முடியாததை இந்த டப்பா செஞ்சிட்டு வே" என்பார் கூட ஓட்டுகிற ஒருவர்.

என் வீட்டுக்காரிக்கு லாரி என்றாலே ஆகாது. நான் வண்டி எடுத்துப் போனால் திரும்பி வரும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. கரமனையில் அவளுடைய அண்ணன் பாத்திரக்கடை வைத்திருந்தார். "அங்க போய் நில்லுங்க, நமக்கு அது போதும்" என்பாள். எனக்கோ ஸ்டீயரிங்கை விட்டால் வேறெதுவும் கையில் ஒட்டாது. பூட்டு வந்ததும் அதையே சாக்காகப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் பயமே இல்லை, வேண்டுமானால் ஒருநாள் கூட வந்து பார் என்றேன்.

"வாறேன். பாத்துட்டு நான் சொல்லுகதைக் கேப்பியளா?"

கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடையா லாரியா என்பது அவள் சொல்லில் நின்றது.

ஒரு காலை, நல்ல சேலை கட்டி, தூக்குவாளியில் புளிச்சோற்றோடு கேபினில் ஏறி உட்கார்ந்தாள். பாலராமபுரம் தாண்டியும் முன்கம்பியைப் பிடித்த பிடி விடவில்லை. பைபாஸ் ஏறி, ஆக்குளம் காயல் தெரிந்த பிறகுதான் கை கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது பைபாஸ் இவ்வளவு அகலம் கிடையாது. போக ஒரு வண்டிக்கு இடம், வர ஒரு வண்டிக்கு இடம். முன்னால் ஒரு ஆட்டோ, அதன் பின்னால் ஒரு மீன் லாரி, இரண்டும் மெல்லப் போயின. ஹாரன் அடித்து வலது பக்கம் எடுத்தேன். அழுத்தினால் வண்டி பாயும் என்று உடம்பு பழைய கணக்கிலேயே இருந்தது. மீன் லாரிக்கு நேர் பக்கமாக வந்த நேரம், அந்த ஆட்டோ இடது சந்துக்குள் திரும்பிவிட்டது. வழி கிடைத்ததும் மீன் லாரியும் வேகம் எடுத்தது. அதற்கும் பூட்டு, எனக்கும் பூட்டு. ஒரே நுகத்து மாடுகள் மாதிரி இரண்டும் அருகருகே ஓடுகின்றன.

எதிரே பஸ் வருகிறது. பின்வாங்கி ஒதுங்கலாமென்றால், மீன் லாரிக்குப் பின்னால் காரும் வேனும் நெருக்கிவிட்டன. செங்கல் பாரத்தோடு சட்டென்று நிறுத்தவும் முடியாது. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், எஞ்சினில் அதே சத்தம்தான். வீட்டுக்காரியின் கை என் தோளில் வந்து விழுந்தது, அவ்வளவுதான்.

மீன் லாரி டிரைவர் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார். அவர் பார்த்தது அவளைத்தான். உடனே பிரேக் பிடித்து, இடது சக்கரங்களை மண்ணில் இறக்கி, வெளியே கையை நீட்டிப் போ, போ என்று வீசினார். நான் அவருக்கு முன்னால் நுழைந்ததும் பஸ் உரசுவது போலக் கடந்தது.

கொஞ்ச தூரத்தில் ஓரங்கட்டினேன். அவரும் பின்னால் வந்து நிறுத்தினார். எனக்கு முன்னால் வீட்டுக்காரி இறங்கி அவரிடம் நடந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று பார்த்தால், கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"பேடிக்கண்ட சேச்சி" என்று, பயப்பட வேண்டாமென அவளைத் தேற்றினார் அந்த மலையாளி. பிறகு என் பக்கம் திரும்பி, "எந்தா அண்ணாச்சி, வண்டிக்குப் பூட்டு இட்டு, காலினு இட்டில்லே?" என்றார், காலுக்குப் பூட்டுப் போடவில்லையா என்று. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பூட்டு வந்த பிறகு, முந்தப் போய்ப் பாதியில் மாட்டாத டிரைவரே இல்லை, பக்கத்தில் ஏறி வருகிறவனுக்காக ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதுதான் இப்போது எங்கள் பழக்கம் என்று சொன்னார். "இன்னலெ எனிக்கு ஒராள் விட்டு. இன்னு ஞான்." நேற்று தனக்கு ஒருவர், இன்று எனக்குத் தான், அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். வீட்டுக்காரி தூக்குவாளி மூடியில் புளிச்சோறு வைத்துக் கொடுக்க, நின்றபடியே தின்றுவிட்டு, "கொள்ளாம்" என்று ருசியைப் பாராட்டி, கையைக் கழுவிக் கிளம்பிவிட்டார். பேர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

கழக்கூட்டம் நெருங்கியது. நானே முந்திக்கொண்டு, சரி, உன் அண்ணன் கடைக்கே போகிறேன் என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லலியே" என்றாள். "இத்தனை வருசமா நீங்க ரோட்டுல ஒத்தையில கெடக்கியன்னுல்லா பயந்தேன். உங்களுக்கு அங்க ஆளு உண்டு. ஓட்டுங்க. ஆனா நீங்களும் காலை எடுக்கணும், கேட்டியளா?"

அன்றிலிருந்து எவ்வளவு அவசரமாகப் போனாலும், பக்கத்தில் ஒரு வண்டி ஏறி வந்தால் என் கால் தானாக மேலே வந்துவிடுகிறது. அந்தக் கேபினில் யார் யாருடைய தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ என்றுதான் மனசு முதலில் நினைக்கிறது.